பதினேழாம் நம்பர் மெஷின்

பேய், ஆவி என்று எதையும் நம்பியவன் அல்ல நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதைப் படித்ததும் நீங்கள் சந்தேகப்படப் போவது என்னைத்தான். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். பேரணாம்பட்டு சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு தோல் கிடங்கில் பெண் அழும் குரல் கேட்கிறது என்று ஊரே அந்தப் பக்கம் போகப் பயந்தபோது, ஏணி போட்டுக் கூரையில் ஏறி, ஆணி கழன்று காற்றில் உரசிக்கொண்டிருந்த தகரத்தைப் படம் பிடித்துச் செய்தி போட்டவன். பார்த்தது யார், எப்போது, இரண்டாவது சாட்சி உண்டா? இந்த மூன்றும் இல்லாமல் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நம்புவது உங்கள் பாடு.

இன்னொன்று. நள்ளிரவு, அமாவாசை, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோரு மணி வாக்கில், ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில். தெருவில் பழ வண்டிக்காரர் கூவிக்கொண்டிருந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கென்று நான் வாங்கியவை இரண்டு பொருள்கள். ஒன்று டிஜிட்டல் கன்வெர்ட்டர். கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கிடக்கும் ஒலியை மறுபடியும் காதுக்கான ஒலியாக மாற்றித் தரும் சிறிய பெட்டி. தீப்பெட்டிக் கட்டு அளவுதான் இருக்கும். இன்னொன்று அதற்கேற்ற ஒரு ஜோடி ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக வேறு பெட்டி வேண்டாம். நிருபராக இருந்த காலத்தில் நான் எடுத்த பேட்டிகள், கூட்டங்கள், சந்தை இரைச்சல் எல்லாம் நல்ல ரெக்கார்டரில் பதிவானவை. அவற்றை நான் கேட்டது முழுக்க கம்ப்யூட்டரின் ஓட்டை ஸ்பீக்கரில்தான். ஒருமுறையாவது ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பெட்டியோடு வந்த ஒயர் குட்டையாக இருந்ததால் சனிக்கிழமை பஸ் பிடித்து வேலூர் லாங் பஜார் போய், கைவண்டிகளுக்கு நடுவே மூன்று கடை ஏறி இறங்கி, நீளமான ஒயர் வாங்கி வந்தேன். ஞாயிறு காலை உட்கார்ந்து மாட்டினேன். கம்ப்யூட்டரிலிருந்து கன்வெர்ட்டருக்கு ஒரு ஒயர், கன்வெர்ட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு. போட்டதும் 'உம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. ஆவி என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சார்ஜருக்கு எர்த் இல்லை. சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றது.

ஸ்பீக்கர் வைத்த மர மேசை லேசாக அதிர்ந்தது. அடியில் ரப்பர் வைக்கச் சொல்லிக் கூட வந்த தாளில் போட்டிருந்தது. ரப்பருக்கு எங்கே போவது? ஆம்பூரில் எது ஆடினாலும் அடியில் தோல் துண்டுதான் வைப்போம். அலமாரியின் அடித்தட்டில் வசந்தா சேர்த்து வைத்திருந்த அடித்தோல் துண்டுகளை எடுத்து, ஸ்பீக்கருக்கு நான்கு மூலையிலும் வைத்தேன். அதிர்வு அடங்கியது.

வசந்தா என் மனைவி. ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள், அதில் கடைசி ஒன்பது வருடம் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற லைன் அது, அப்பர் என்பார்கள். நாற்பது மெஷின், நாற்பது பெண்கள். கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், அவளுடைய காதைப் பற்றி அந்தக் கம்பெனியில் கதைகள் உண்டு. நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும்போது, லைனின் இந்த முனையில் நின்றுகொண்டு, "முப்பத்திரண்டு, ஊசிய மாத்து" என்பாள். மாற்றிப் பார்த்தால் ஊசி முனை மழுங்கியிருக்கும். ஷூ கம்பெனியில் ஊசி உடைந்தால் அந்த முனை கிடைக்கும்வரை லைன் ஓடாது. அது ஷூவோடு போய் ஏதாவது குழந்தை காலில் குத்தினால் கம்பெனி பெயர் போய்விடும். உடைவதற்கு முன்பே சொல்கிற காது என்றால் அதன் மதிப்பை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காதுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. அதற்கு முந்தைய மாதம் ஓர் ஊசி உடைந்து, அவள் காதில் விழாமல், முனை அப்பரோடு போய்க் கடைசிச் சோதனையில் மாட்டியது. அடுத்த வாரமே கம்பெனி டாக்டர் காது டெஸ்ட் எடுத்து, மெல்லிய ஒலிகள் இரண்டு காதிலும் கம்மி என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து ஸ்டோருக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் அழவில்லை, கத்தவில்லை. ஆனால் குக்கர் விசிலை எண்ணிவிட்டு, "மூணுதானே?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். அவள் தன் காதை நம்பாமல் போனதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் அன்று காலை, எதைப் போட்டுக் கேட்கலாம் என்று தேடும்போது, அவள் லைனிலேயே எடுத்த பதிவைப் போட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அந்தப் பதிவு ஆறு வருடத்துக்கு முந்தையது. பெண் தொழிலாளர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதினேன். இணையத்தில் ஒலியும் சேர்த்துப் போடலாம் என்று ஆசிரியர் சொன்னதால் அனுமதி வாங்கி நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். பிறகு அந்த யோசனையே கைவிடப்பட்டது. நான் போன நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த லைனில் பதினேழாம் மெஷின் மெஹருன்னிசா இறந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனவள், சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அந்த லைனில் ஒரு வழக்கம். கூட வேலை செய்தவர் இறந்துபோனால் அடுத்த வேலை நாள் அவருடைய மெஷின் ஓடாது. மெக்கானிக் பாஷா பாய் வந்து பெல்ட்டைக் கழற்றிவிடுவார். மெஷின் தலையில் ஒரு முழம் பூ வைப்பார்கள். ஊசிக்கடியில் எது எப்படி இருக்கிறதோ அப்படியே கிடக்கும். இந்துவோ முஸ்லிமோ, எல்லாருக்கும் ஒன்றுதான்.

பதிவை ஓடவிட்டேன். முன்னறைக்குள் கம்பெனியே வந்து இறங்கியது போலிருந்தது. உண்மையாகவே சொல்கிறேன், ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றது. வசந்தா கறிவேப்பிலையை உருவிக்கொண்டே வாசலில் நின்று கேட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இன்னாங்க, தப்பா மாட்டியிருக்கீங்க."

"எது?"

"லைனைப் பாத்து நின்னா கம்ப்ரஸர் சோத்துக் கை பக்கம். உங்க பொட்டியில பீச்சாங்கை பக்கமா வருது."

பார்த்தேன். சிவப்பு ஒயர் வெள்ளையிலும் வெள்ளை சிவப்பிலும் இருந்தது. மெல்லிய ஒலி கம்மி என்று எழுதிக் கொடுத்த டாக்டர் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒயரை மாற்றினேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் பழைய வசந்தா வந்தாள். "இது ராணி. மிதிச்சா விடமாட்டா, மாடு மாதிரி ஓட்டுவா. அது எட்டு, எண்ணெ கம்மி, அன்னிக்கே சொன்னேன் பாஷா பாய்க்கு. இருபத்தொன்னு..." என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"இது எந்த நாளு எடுத்தது?"

சொன்னேன்.

"இல்ல. வேற நாளா இருக்கும்."

"திங்கட்கிழமைதான். கோப்பிலேயே தேதி இருக்கு, பாரு."

"பதினேழு ஓடுதுங்க" என்றாள்.

எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவள் விரலால் மேசையில் தட்டிக் காட்டினாள். இரண்டு சின்ன ஓட்டம், ஒரு நீள ஓட்டம், ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு சின்னது, ஒரு நீளம். அவள் தட்டத் தட்ட, இரைச்சலுக்குள்ளிருந்து அந்த ஒன்று மட்டும் பிரிந்து வந்தது. ஒருமுறை பிடிபட்ட பிறகு அதைக் கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை.

"மெஹர் அப்படித்தான் ஓட்டுவா. வளைவுல ரெண்டு தரம் நிறுத்துவா. வேற யாரும் அந்த மாதிரி கிடையாது." பிறகு மெதுவாகச் சொன்னாள், "இல்லாத மெஷின் கேக்குதுன்னா டாக்டர் சொன்னது கரெக்டுதான். எனக்குக் காது போயிடுச்சு. நான் ஸ்டோர்லயே உக்காந்து கொக்கி எண்றேன்."

எனக்கும் கேட்கிறதே என்றேன். "நான் தட்டினதால உங்களுக்குக் கேக்குது" என்றாள். சாட்சியின் வாயில் பதிலைப் போடக் கூடாது என்று புது நிருபர்களுக்குச் சொன்னவனே நான்தான்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தோராவது நிமிடம் டீ பெல் அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நாற்காலி இழுக்கும் சத்தம், டிபன் டப்பா, பெண்களின் பேச்சு. அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு யாரும் தட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு சின்னது, ஒரு நீளம். பிறகு முடிக்கிற இடத்தில் தையல் பிரியாமலிருக்க ஊசியைப் பின்னுக்கு ஓட்டி எடுப்பார்களே, அந்தக் குட்டி ஓட்டம். அப்புறம் 'சிக்' என்று நூல் வெட்டும் சத்தம். கடிகாரத்தைப் பார்த்தேன். பெல் நின்றதிலிருந்து பதினோரு விநாடி.

"பெல் அடிச்சாலும் கையில இருக்கிற பீஸ முடிக்காம எழுந்திருக்க மாட்டா" என்றாள் வசந்தா. "டீ ஆறிப் போகுது வாடின்னு நான் தினமும் கத்துவேன்." என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "ரெக்கார்டர எங்க வச்சீங்க அன்னிக்கு?"

"ஏன்?"

"எல்லாம் தள்ளி இருக்கு. இது மட்டும் கிட்டக்க இருக்கு. அவ பலகை மேலயே வச்ச மாதிரி."

இங்கே ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை அவளிடம் ஆறு வருடமாகச் சொல்லவில்லை. ஓடுகிற மெஷின் பலகைகளெல்லாம் அதிர்ந்ததால், அதிராத பலகை ஒன்று தேடினேன். பதினேழு சும்மா இருந்தது. பூவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ரெக்கார்டரை அங்கேதான் வைத்தேன். வசந்தா அப்போது லைனின் மறுமுனையில் இருந்தாள். நாற்பது நிமிடமும் நான் பக்கத்திலேயே நின்றேன். அந்த மெஷின் ஓடவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

சொன்னேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

"பூவத் தள்ளிட்டா வச்சீங்க? செத்தவங்க மெஷின் மேல? பேப்பர்காரங்களுக்கு வெக்க வேற எடமே கெடைக்கலியா?"

திட்டி முடித்துவிட்டு, அவளே நிறுத்தினாள். நான் சொல்லாத இடத்தை அவள் காது சொல்லியிருந்தது. அது அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

இரண்டாவது சாட்சி வேண்டும். அன்று மாலையே பாஷா பாயை வரச் சொன்னேன். லைன் மெக்கானிக்; அந்த நாற்பது மெஷினையும் பிரித்துப் போட்டவர். எதையும் சொல்லவில்லை. புது ஸ்பீக்கர், கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வசந்தாவைச் சமையலறையிலேயே இருக்கச் சொன்னேன், முகத்தைப் பார்த்து அவர் எதையும் ஊகிக்கக் கூடாது என்று.

டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "ஆஹா, நம்ம லைனு! இன்னா சார், ரிட்டயர் ஆயும் எங்கள விடமாட்டீங்களா? ஞாயித்துக்கிழமகூட இதே பேஜார்தானா?" பிறகு டீ கிளாஸை வைத்தார். "மெஹர் ஆபா இருக்காங்களே இதுல. பழசா?"

"எப்படிச் சொல்றீங்க?"

"கால் வெக்கிற விதம் சார். ரெண்டு மிதி, அப்புறம் ஒரு மிதி. அவங்களாலதான் பதினேழுக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு பெல்ட் மாத்துவேன். எப்ப எடுத்தது?"

"அவங்க இறந்த பிறகு. திங்கட்கிழமை."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். "சும்மா இருங்க சார். அன்னிக்கு பெல்ட்ட கழட்டினவனே நான். காலைல எட்டு மணிக்குக் கழட்டி என் டூல் பாக்ஸ்ல போட்டேன். மறுநாள்தான் மாட்டினேன்." டீயை முடிக்காமல் எழுந்தவர், செருப்பு மாட்டும்போது வாசலிலிருந்தே உள்ளே குரல் கொடுத்தார். "வசந்தாக்கா, உங்களுக்கும் கேட்டுச்சா?"

"மொதல்ல எனக்குத்தான் கேட்டுச்சு பாய்" என்றாள் வசந்தா. அந்தக் குரலில் பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஜாஸ்தியாக வேறொன்று இருந்தது. ஒரு மாதமாக நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் நேராக மேனேஜரிடம் போனாள். ஆவி கதை எதையும் சொல்லவில்லை. "லைனுக்கு முதுகு காட்டி நிக்கிறேன் சார். எதனா ஒரு மெஷின்ல மழுங்கின ஊசிய போடச் சொல்லுங்க. எந்த மெஷின்னு நான் சொல்லலேன்னா நானே ஸ்டோருக்குப் போறேன்." மேனேஜர் சம்மதித்தார். பாஷா பாய் ஊசியை மாற்றினார். நாற்பது மெஷினும் ஓடியது. அவள் சுவரைப் பார்த்து நின்று, "இருபத்தாறு" என்றாள். பிறகு, "பாய் என்னை ஏமாத்தப் பாக்குறாரு, முப்பத்தஞ்சிலயும் போட்டிருக்காரு" என்றாள். லைன் முழுக்கக் கை தட்டியதாம். டாக்டர் எழுதியது தப்பில்லை, டெஸ்டில் வரும் மெல்லிய விசில் அவளுக்கு இன்றும் கேட்காது. ஆனால் மெஷின் கேட்கிறது. ஒன்றாம் தேதி வந்தது, போனது. அவள் இன்றும் லைனில்தான் நிற்கிறாள். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொல்வதில்லை.

இத்தோடு முடித்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ரெக்கார்டர் கோளாறு, வேறு ஏதோ பதிவின் மிச்சம் கலந்துவிட்டது என்று ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அதே நாளில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். ரெக்கார்டரை வைப்பதற்கு முன், பூ வைத்த மெஷினை ஒரு படம் எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பெல்ட் இல்லாத சக்கரம். ஊசி கீழே இறங்கித் தோலில் குத்தி நிற்கிறது. அதன் அடியில் ஒரு கறுப்பு அப்பர். வெள்ளை நூல் ஒரு பக்கத்திலிருந்து வந்து, வளைவுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு தோல் வெறுமையாக இருக்கிறது. மெஹர் வெள்ளிக்கிழமை பாதியில் விட்டுப்போன பீஸ்.

வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"செவ்வாக்கிழம நான்தான் அந்த மெஷின்லேர்ந்து இத எடுத்தேன். ஊசி மேல இருந்துச்சு. நூலு வெட்டியிருந்துச்சு. முடிச்சுட்டுத்தான் போயிருக்கான்னு நெனச்சேன். அவ கடைசியா தச்சதாச்சேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

பொட்டலத்தில் ஒற்றைக் கால் அப்பர். இடது கால். வெள்ளைத் தையல் வளைவைச் சுற்றி முழுதாகப் போய், கடைசியில் பின்னுக்கு ஓட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. வளைவில் மட்டும் இரண்டு இடங்களில் துளை லேசாக நெருங்கியிருக்கிறது, நிறுத்தி நிறுத்தித் தைத்தால் அப்படித்தான் வரும். லைனில் ஒருத்தி விடாமல் விசாரித்தாள் வசந்தா. அதைத் தொட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அந்த வழக்கத்தை மீறி அங்கே யாரும் தொடவும் மாட்டார்கள்.

பாஷா பாயிடம் அப்பரைக் கொடுத்து, படத்தில் நூல் நிற்கிற இடத்தைக் காட்டி, இங்கிருந்து முடிவுவரை தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டேன். அவர் விரலால் அந்த வளைவைத் தடவிப் பார்த்தார்.

"வேற யாராவதுன்னா ஆறு விநாடி சார். மெஹர் ஆபான்னா ரெண்டு எடத்துல நிறுத்துவாங்க. பத்து, பதினொன்னு ஆவும்."